ஸ்பிளிட் நகரத்துச் சந்தில் நான்கு நிமிடங்கள்

ஊருக்குத் திரும்பி ஆறு வாரங்கள் கழித்து, தங்கை தன் கைபேசியில் எடுத்த படங்களை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். குரோவேஷியாவின் ஸ்பிளிட் நகரத்தில் நாங்கள் தங்கிய நான்கு நாட்களில் அவள் எடுத்தவை அறுநூறுக்கும் மேல். ஒரே காட்சியை ஐந்தாறு முறை எடுப்பது அவள் வழக்கம். நல்லதை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடும்படி என்னிடம் சொல்லியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் அந்த வேலையில் உட்கார்ந்திருந்தபோது, ரோமர்களின் ஜூபிடர் கோயில் வாசலில் தலையில்லாமல் கிடக்கும், சிங்க உடல் கொண்ட ஸ்பிங்க்ஸ் என்னும் எகிப்தியச் சிலையை அவள் எடுத்திருந்த படங்கள் வரிசையாக வந்தன. முதல் படத்தின் இடது ஓரத்தில் ஒரு துணிப்பை தெரிந்தது. அதன் வாயிலிருந்து பச்சைக் கீரைத் தண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. பையைப் பிடித்திருந்த கை மட்டுமே படத்துக்குள் இருந்தது. இரண்டாவது படத்தில் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை அணிந்த வயதான பெண்மணி ஒருவர் முழுதாகத் தெரிந்தார். மூன்றாவதில் அவர் சுவரில் தோளைச் சாய்த்திருந்தார். நான்காவதில் பை வலது கையிலிருந்து இடது கைக்கு மாறியிருந்தது. படங்கள் எடுக்கப்பட்ட நேரத்தைப் பார்த்தேன்: 10:47, 10:48, 10:50, 10:51.

அந்தப் பெண்மணியை எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் என் நினைவில் இருந்த நிகழ்ச்சி வேறு. வழிகாட்டி பேசிக்கொண்டிருந்தார், நடுவில் எங்களுக்குப் பின்னால் யாரோ நிற்பதைக் கண்டார், சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, அத்தை என்று பொருள்படும் 'தேத்தா' என்ற சொல்லால் அவரை அழைத்து ஏதோ சொன்னார், நாங்கள் எட்டுப் பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம், அவர் தலையை அசைத்தபடி கடந்து போனார். எல்லாம் பத்து வினாடிக்குள் முடிந்துவிட்டதாகத்தான் நான் எண்ணியிருந்தேன். ஊருக்கு வந்தபின் மூன்று நான்கு பேரிடமாவது இதைச் சொல்லியிருப்பேன். ஒரு வழிகாட்டி எப்படி நடந்துகொள்ள வேண்டும், பயணிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்லியிருப்பேன். இப்போது பார்த்தால் அவர் நின்றது நான்கு நிமிடம். அதுவும் தங்கை முதல் படத்தை எடுத்த கணத்திலிருந்து எண்ணினால். அதற்கு முன் எவ்வளவு நேரம் நின்றிருந்தார் என்பதைச் சொல்லப் படம் இல்லை.

படங்களை அழிக்கும் வேலை அன்று அதோடு நின்றுபோனது. அந்த நான்கு நிமிடங்களை அன்றிலிருந்து என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை.

எட்டுப் பேர் என்னும் கணக்கு

ஸ்பிளிட்டுக்குக் கடல் வழியாக வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் ஏன் சிறு குழுவைத் தேடினோம் என்பது புரியும். பெரிய பயணக் கப்பல் ஒன்று துறைமுகத்தில் நின்றுவிட்டால், காலை பத்து மணிக்குள் நாற்பது பேர், ஐம்பது பேர் கொண்ட குழுக்கள் எண் எழுதிய அட்டைகளுக்குப் பின்னால் வரிசையாக நடக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொருவர் காதிலும் ஒலிக்கருவி. வழிகாட்டி முப்பதடி முன்னால் நின்று பேசுவது கடைசியில் நடப்பவருக்குக் கேட்கும். எந்தத் தூணைப் பற்றிப் பேசுகிறார் என்பது மட்டும் தெரியாது. அப்படி ஒரு பழைய நகரத்தைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. ஆகவே எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று அறிவித்திருந்த ஒரு நடைச் சுற்றுலாவுக்குப் பெரிய குழுவைவிட இரண்டு மடங்குக் கட்டணம் கொடுத்துப் பதிவு செய்தோம். போலந்திலிருந்து இரண்டு தம்பதிகள், கனடாவிலிருந்து ஒரு தந்தையும் பதினைந்து வயது மகனும், நாங்கள் இருவர். ஏப்ரல் மாதக் கடைசி. வெயில் இருந்தாலும் நிழலில் குளிர் விடவில்லை.

வழிகாட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். உரிமம் பெற்றவர், அதே ஊரில் பிறந்தவர், பாட்டி, பழைய நகரத்தின் நடுப்பகுதியாகவே மாறிவிட்ட ரோமப் பேரரசனின் அரண்மனைச் சுவருக்குள் குடியிருந்தவர். அந்த அரண்மனையின் தங்க வாசலுக்கு வெளியே, ஆயர் கிர்கூர் நின்ஸ்கியின் பேருருவச் சிலைக்கு அருகில் எங்களைக் கூட்டி வைத்து, வரலாற்றில் ஒரு சொல்கூடத் தொடங்குவதற்கு முன் மூன்று விஷயங்களைச் சொன்னார். உள்ளே இருப்பது அருங்காட்சியகம் இல்லை, மக்கள் வாழும் குடியிருப்பு. ஆகையால் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும். வீட்டு வாசற்படிகளில் உட்காரக் கூடாது. சன்னல் திறந்திருந்தால் உள்ளே படம் எடுக்கக் கூடாது. அவரும் ஒலிபெருக்கி வைத்திருக்கவில்லை. இப்படிப்பட்டவரோடு போனபோதுதான் அந்த நான்கு நிமிடங்கள் நிகழ்ந்தன என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. குறை அவரிடம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு செய்தியையும் சொல்லும்போது, அது கல்லில் தெரிவதா, எழுத்தில் இருப்பதா, ஊரார் சொல்வதா என்று பிரித்துச் சொல்வார். பெரிஸ்டைல் என்னும் தூண் முற்றத்தில் நின்று முட்டைக்கோசுக் கதையைச் சொன்னபோது இது நன்றாக விளங்கியது. ரோமப் பேரரசன் டயோக்ளீசியன் 284இல் அரியணை ஏறியவன். 293இல் ஆட்சியை நால்வரிடையே பகிர்ந்தவன். 305ஆம் ஆண்டு மே முதல் நாளில் தானாகவே பதவி துறந்து, தான் பிறந்த பகுதியான இந்தக் கடற்கரையில் கட்டிக்கொண்ட மாளிகைக்கு வந்து சேர்ந்தவன். மீண்டும் அரசேற்க வேண்டும் என்று சகாக்கள் வற்புறுத்தியபோது, தன் கையால் நட்ட முட்டைக்கோசுகளைப் பார்த்திருந்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள் என்று பதில் சொன்னதாக எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். இவரும் சொன்னார். ஆனால் உடனே, பழைய லத்தீன் நூலில் இருக்கும் சொல் முட்டைக்கோசு இல்லை, கீரை காய்கறிகளைப் பொதுவாகக் குறிக்கும் சொல் என்றார். அந்த நூல் தோட்டம் இருந்த இடமாக, அருகிலிருந்த ரோம நகரமான சலோனாவைத்தான் சொல்கிறது என்றும், முட்டைக்கோசை நட்டவர்கள் பின்னால் வந்த கதைசொல்லிகள் என்றும் சொன்னார். கனடாப் பையன் சிரித்தான். எனக்கோ அந்த ஒரு திருத்தத்திலேயே கொடுத்த பணம் முழுதும் திரும்பிவிட்டதாகத் தோன்றியது.

கல்லறைக்குள்ளும் அப்படியே. எண்கோண வடிவில் தனக்கென்று பேரரசன் கட்டிக்கொண்ட நினைவுமண்டபம் இப்போது புனித டொம்னியஸ் பேராலயம். 303இல் தொடங்கிய கிறித்தவர்களுக்கு எதிரான பெரும் அடக்குமுறை டயோக்ளீசியனுடையது. சலோனாவின் ஆயரான டொம்னியஸ் அதில் 304இல் கொல்லப்பட்டவர். கொன்றவனுடைய கல்லறையில் கொல்லப்பட்டவர் குடியேறிவிட்டார் என்று சொல்லிப் பெருமூச்சு விடுவது எந்த வழிகாட்டிக்கும் எளிது. இவர் அந்த இடத்தில் நிற்காமல் வாசலுக்கு அழைத்துப் போனார். வால்நட் மரத்தில் அந்திரியா புவினா 1214இல் செதுக்கிய கதவுகளில் கிறிஸ்துவின் வாழ்க்கை 28 காட்சிகளாக இருக்கிறது. கைபடும் உயரத்திலிருக்கும் உருவங்களைக் காட்டினார். போலந்துப் பெண்மணி ஒருவர், பேரரசனின் உடல் என்னவாயிற்று என்று கேட்டார். தெரியாது, யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் நின்றார். தெரியாது என்று சொல்லத் தெரிந்தவர்கள் வேறு எதைச் சொன்னாலும் நான் நம்பத் தயாராக இருக்கிறேன்.

குப்பை காத்த மாளிகை

நிலவறைக்குள் இறங்கியதும்தான் இந்த ஊர் எனக்கு வேறாகத் தெரியத் தொடங்கியது. அரண்மனை என்று நாம் சொல்வது ஏறத்தாழ 215 மீட்டர் நீளமும் 180 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு செவ்வகக் கோட்டை. தென்புறம் ஒரு காலத்தில் கடலையே தொட்டுக்கொண்டிருந்தது. பேரரசன் வாழ்ந்த அறைகள் அந்தத் தென்புறத்தில், மேல்தளத்தில் இருந்தன. அவை பெரும்பாலும் இல்லாமல் போய்விட்டன. ஆனால் தரை சரிவாக இருந்ததால் மேல்தளத்தை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர அடியில் கட்டப்பட்ட கல் அறைகள் அப்படியே நிற்கின்றன. மேலே எந்த வடிவில் அறை இருந்ததோ கீழேயும் அதே வடிவில் இருக்கிறது. மேலே நீள்கூடம் என்றால் கீழேயும் நீள்கூடம். மேலே வட்ட அறை என்றால் கீழேயும் வட்ட அறை. எனவே கீழே நடந்தால், காணாமல் போன வீட்டின் வரைபடத்துக்குள் நடக்கலாம்.

இவை எப்படிப் பிழைத்தன? குப்பையால். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவார் என்னும் நாடோடி இனத்தவரும் ஸ்லாவியர்களும் சலோனாவை அழித்தபோது தப்பி ஓடிய மக்கள், கைவிடப்பட்டுக் கிடந்த இந்த மாளிகைக்குள் வந்து குடியேறினார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்த ஊரில் வாழ்ந்த தலைமைத் திருத்தொண்டர் தோமா எழுதிவைத்த வரலாற்றில் அந்தக் குடியேற்றம் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. வசதியுள்ளவர்கள் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டார்கள், அடுத்த நிலையில் இருந்தவர்கள் கோபுரங்களில் தங்கினார்கள், எதுவும் இல்லாதவர்கள் நிலவறைகளில் வாழ்ந்தார்கள் என்கிறது அது. அகதிகளாக வந்த ஒரே நாளில் யார் மேலே, யார் கீழே என்பது முடிவாகிவிட்டதை அந்தத் திருத்தொண்டர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பின்வந்த நூற்றாண்டுகளில் மேலே வீடு கட்டியவர்கள் தரையில் துளையிட்டு, வீட்டுக் கழிவையெல்லாம் கீழே தள்ளினார்கள். அறைகள் கூரை வரை நிரம்பின. நிரம்பியதால் யாரும் கல்லைப் பெயர்க்கவில்லை, சுவரை மாற்றவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அகழ்ந்து அப்புறப்படுத்தியபோது, உள்ளே ரோமக் கட்டுமானம் முழுசாக நின்றது.

வழிகாட்டி கைவிளக்கை உயர்த்தி வளைவுக் கூரையில் ஒரு துளையைக் காட்டினார். ஒரு குடம் நுழையும் அளவு. ஓரங்கள் கரடுமுரடாக, ஏதோ மொட்டை ஆயுதத்தால் இடிக்கப்பட்டவையாக இருந்தன. துளைக்குக் கீழே சுவரில் கருப்பாக வழிந்து இறுகிய தடம் ஒன்று இடுப்பு உயரம் வரை இறங்கியிருந்தது. என் பாட்டியின் பாட்டி வீட்டுத் துளை இதுவாகவும் இருக்கலாம் என்றார். பிறகு, இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சலோனா ஒரு காலத்தில் இந்த மாகாணத்தின் தலைநகரம் என்றும், இன்று அது புல்லுக்கு நடுவில் முழங்கால் உயரச் சுவர்கள் என்றும் சொன்னார். ஆள் இல்லாமல் போன ஊர் படுத்துவிட்டது, ஆள் குடியிருந்த வீடு நின்றுவிட்டது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இந்த இடத்தை அவர் இல்லாமல் நான் கண்டிருக்க முடியாது. 1757இல் ராபர்ட் ஆடம் என்ற ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் இங்கே வந்து ஐந்து வாரம் தங்கி அளந்து, வரைந்து, 1764இல் பெரிய நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் பல மாளிகைகளின் தோற்றத்தையே மாற்றிய நூல் அது. அவருடைய கவனமெல்லாம் பேரரசனின் கட்டடத்தை மீட்டெடுப்பதில் இருந்தது. நடுவில் குடியிருந்த மக்களின் வீடுகளை நீக்கிவிட்டு, ஆதியில் இப்படி இருந்திருக்கும் என்று வரைந்து காட்டினார். எங்கள் வழிகாட்டி அதற்கு நேர்மாறாகச் செய்தார். பேரரசனைச் சற்றே ஒதுக்கிவிட்டு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் குடியிருப்பவர்களை எங்களுக்குக் காட்டினார். தங்க வாசலுக்கு மேலே, காவலர் நடைக்கென்று விட்ட ஒன்றரை மீட்டர் சொச்சம் அகலமுள்ள இடைவெளியில் ஒரு தேவாலயத்தையே அமைத்துக்கொண்டவர்கள் அவர்கள். தூணுக்கும் தூணுக்கும் இடையில் சுவர் எழுப்பி, சன்னல் வைத்து, கப்பி மாட்டித் துணிக்கொடி கட்டிக்கொண்டார்கள். இன்றும் யாத்ரோ ஆற்றின் ஊற்றிலிருந்துதான் ஊருக்குக் குடிநீர் வருகிறது. டயோக்ளீசியனின் கால்வாயும் அங்கிருந்துதான் வந்தது. இத்தனையும் கேட்டு, உள்ளம் நிறைந்து, குடியிருப்பவர்கள்மேல் மிகுந்த மரியாதையோடு நிலவறையிலிருந்து மேலே ஏறி வந்தோம். அடுத்து ஜூபிடர் கோயில்.

10:47 முதல் 10:51 வரை

பெரிஸ்டைலின் மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு குறுகிய தெரு கோயிலுக்குப் போகிறது. கோயில் பிற்காலத்தில் புனித யோவானின் திருமுழுக்குக் கூடமானது. வாசலில் அந்தத் தலையில்லாத ஸ்பிங்க்ஸ். பேரரசன் எகிப்திலிருந்து கொண்டுவந்தவற்றில் ஒன்று. முற்றத்தில் தலையோடு படுத்திருக்கும் கருங்கல் சிலை ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டு பழையது. கோயிலை ஒட்டி, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பித்தான் போக முடியும் என்ற அளவுக்கு ஒடுங்கிய சந்து ஒன்று பிரிகிறது. ஊரார் அதற்கு வைத்திருக்கும் பெயருக்கு 'என்னைப் போகவிடு' என்று பொருள். வழிகாட்டி அந்தப் பெயரைச் சொன்னபோது நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். சந்தின் வாயை அடைத்துக்கொண்டு நின்றுதான் மகிழ்ந்தோம்.

படங்களை வைத்து அந்த நான்கு நிமிடங்களை இப்போது என்னால் ஓரளவு திரும்ப அடுக்கிப் பார்க்க முடிகிறது. 10:47க்கு வழிகாட்டி எங்களைப் பார்த்தபடி, கோயிலுக்கு முதுகு காட்டி நிற்கிறார். பெண்மணி எங்கள் முதுகுக்குப் பின்னால், பெரிஸ்டைல் பக்கத்திலிருந்து வந்து நிற்கிறார். காலைச் சந்தையிலிருந்து வந்திருக்க வேண்டும். வெள்ளி வாசலுக்கு வெளியேதான் காய்கறிச் சந்தை. 10:48க்குப் போலந்துக்காரர் ஒருவர் ஸ்பிங்க்ஸின் முன் குனிந்து படம் எடுக்கிறார், அவர் மனைவி அவருக்காக இடம் விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்திருக்கிறார். அதாவது பெண்மணிக்கு இருந்த இடைவெளியும் போய்விட்டது. 10:50இல் நான் இருக்கிறேன். தலையை நிமிர்த்தி, வாசல் நிலையின் மேலே செதுக்கியிருக்கும் கொடி வேலைப்பாட்டைப் பார்க்கிறேன். என் தோள்பட்டைக்கும் அந்தப் பெண்மணியின் முகத்துக்கும் நடுவே இரண்டடி தூரம்கூட இருக்காது. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ரேஷன் கடையிலோ மருத்துவமனையிலோ வரிசையில் நிற்பவர்களின் முகத்தில் பார்க்கும் அந்த அடங்கிய பொறுமை இருக்கிறது. 10:51இல் பை கை மாறியிருக்கிறது, வழிகாட்டி வாயைத் திறந்தபடி அவரைப் பார்க்கிறார். அந்தக் கணம்தான் எனக்கு நினைவில் இருந்தது. அதற்கு முந்தைய மூன்று படங்களும் என் நினைவில் இல்லவே இல்லை. என் முதுகுக்குப் பின்னால் நடந்தவை எப்படி இருக்கும்?

அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். 'மன்னிக்கவும்' என்று ஒருமுறை சொல்லியிருந்தால் எட்டுப் பேரும் பதறி விலகியிருப்போம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் நிறைய யோசித்தேன். ஒரு நாளைக்கு ஒருமுறை என்றால் சொல்லலாம். வீட்டிலிருந்து சந்தைக்குப் போய் வருவதற்குள் நான்கு இடங்களில், ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை, ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டும் என்றால் எந்த மனிதரும் சொல்வதை நிறுத்திவிடுவார். இது என் ஊகம். ஆனால் பை கை மாறியது ஊகம் இல்லை.

தங்கையின் வாதம்

தங்கையிடம் படங்களைக் காட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். "அக்கா, அந்த அம்மா நின்றது எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் போகாமல் இருந்திருந்தால் அந்த நிலவறையை யார் சுத்தம் செய்து வைத்திருப்பார்கள்? வழிகாட்டி என்ன வேலை செய்வார்? நான்கு நிமிடத்துக்காக நீ பயணத்தையே பழிக்கிறாய்" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த ஊரின் வருமானத்தில் எங்களைப் போன்றவர்கள் கொண்டுவரும் பணத்துக்குப் பெரிய இடம் உண்டு. அந்த மாளிகையையும் பழைய நகரத்தையும் யுனெஸ்கோ 1979இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றதற்குப் பிறகு அதைக் காப்பாற்றும் பொறுப்பும் செலவும் கூடியிருக்கின்றன. அறிந்து பார்க்க விரும்புகிறவர்கள் வருவது எந்தப் பழைய நகரத்துக்கும் நல்லதுதான்.

ஆனால் நான் அவளுக்கு இன்னொன்றைச் சொன்னேன். நாங்கள் தங்கியிருந்ததும் அந்தச் சுவருக்குள்தான், இரண்டாம் மாடியில், சமையலறையோடு கூடிய ஓர் அறையில். கீழ்வாசலில் ஆறு அழைப்புமணிப் பொத்தான்கள் இருந்தன. இரண்டில் மட்டுமே குடும்பப் பெயர் எழுதியிருந்தது. மற்ற நான்கும் எங்களைப் போன்று வந்து போகிறவர்களுக்கானவை; கதவோரத்தில் 'அபார்த்மான்' என்று எழுதிய நீலப் பலகைகள், அவற்றுக்குக் கீழே எண் போட்டுத் திறக்கும் சாவிப் பெட்டிகள் நான்கு, வரிசையாக ரோமச் சுவரில் திருகப்பட்டிருந்தன. குடியிருந்தவர்களால்தான் மாளிகை நின்றது என்று நிலவறையில் கேட்டுக் கண் கலங்கியவள் நான். அந்தக் குடியிருப்பில் ஆறில் நான்கு வீடுகளில் குடியிருப்பவர் இல்லை என்பதை ஒவ்வொரு இரவும் சாவிப்பெட்டியைத் திறந்தபோது என் விரலால் தொட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அது உறைக்கவில்லை.

பயணத்தை நான் பழிக்கவில்லை. ஒரு கணக்கு தப்பாக இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். சிறு குழு என்றால் ஊருக்குத் தொந்தரவு இல்லை என்று நாங்கள் நம்பினோம், அதற்காகக் கூடுதல் பணமும் கொடுத்தோம். நாற்பது பேர் கொண்ட குழு அந்தச் சந்துப் பக்கமே வராது. அகலமான முற்றத்தில் நின்றுவிட்டுப் போய்விடும். குழு சிறியதாக இருப்பதால்தான் நாங்கள் வீட்டு வாசல்கள் வரை போனோம். இதை யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை. நானும் நான்கு படங்களைப் பார்க்கும் வரை யோசித்ததில்லை. சாலையை அடைக்க நாற்பது பேர் வேண்டும். சந்தின் வாயை அடைக்க எட்டுப் பேர் போதும், மூன்று பேரும் போதும்.

அதே கடலின் இன்னொரு கரையில் வெனிஸ் நகரம் 2024இல் சுற்றுலாக் குழுக்களுக்கு விதி வகுத்தது. ஒரு குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்ற இரண்டும் எல்லாச் செய்திகளிலும் வந்தன. குறுகிய தெருக்களிலும் பாலங்களிலும் வழியை மறித்து நிற்கக் கூடாது என்பதும் அந்த விதிகளோடு சேர்ந்தது. அதை அவ்வளவாக யாரும் பேசவில்லை. எனக்கு இப்போது அதுதான் மூன்றிலும் பெரியதாகத் தெரிகிறது. ஜூபிடர் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டிய அனைத்தையும் ஐம்பது தப்படி முன்னால், பெரிஸ்டைலின் படிகளுக்கு அருகே நின்று சொல்லிவிட முடியும். பிறகு பேசாமல், ஒருவர் பின் ஒருவராக, கோயிலைக் கடந்து நடந்து போகலாம். நிமிர்ந்து பார்க்க வேண்டியதை நடந்தபடியே பார்க்கலாம். கண்ணுக்குச் சற்றுக் குறையும், ஒப்புக்கொள்கிறேன். நிலைக்கல்லின் கொடி வேலைப்பாடு நின்று பார்க்க வேண்டிய ஒன்றுதான். அந்தக் குறையை ஏற்றுக்கொள்ள வேண்டியவர்கள் நாம் என்பது என் கருத்து. இதற்குப் பிறகு வேறொரு நகரத்தில் நடைச் சுற்றுலாவுக்குப் பதிவு செய்ய நேர்ந்தபோது, எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. எங்கெங்கே நின்று பேசுவீர்கள் என்று எழுதிக் கேட்டேன். இப்படி ஒரு கேள்வி தங்களுக்கு வந்ததில்லை என்று பதில் வந்தது. ஆனால் நிற்கும் இடங்களின் பட்டியலையும் அனுப்பிவைத்தார்கள்.

அந்த வழிகாட்டி பாதியில் விட்ட வாக்கியத்தை மறுபடி தொடரவே இல்லை. கோயிலின் உருளைக் கூரையில் சதுரம் சதுரமாகச் செதுக்கப்பட்டிருக்கும் முகங்களைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தார். பெண்மணி போனபின் ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு, வாருங்கள், நாம் இங்கே அதிக நேரம் நின்றுவிட்டோம் என்று சொல்லி நடந்தார். அந்தச் சொற்களை அப்போது நான் நேரமாகிவிட்டது என்ற பொருளில்தான் எடுத்துக்கொண்டேன்.

தங்கை கேட்டுக்கொண்டபடி படங்களைக் கடந்த வாரம் மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். அந்த வரிசையில் ஐந்தாவதாக ஒரு படம் இருந்தது, 10:52. முதல் முறை அதைச் சரியாகப் பார்க்காமல் விட்டிருந்தேன். ஸ்பிங்க்ஸ் அதில் இல்லை. கை நழுவி எடுக்கப்பட்டது போல, சந்தின் நீளம் மட்டும் சாய்வாக விழுந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். பெண்மணி சந்தில் பாதித் தூரம் கடந்திருக்கிறார். முதுகு தெரிகிறது. சந்தின் மறுமுனையில், எண் எழுதிய அட்டை ஒன்று தலைகளுக்கு மேலே உயர்ந்து உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அவர் சுவரை ஒட்டி ஒதுங்கி நிற்கிறார். பையைத் தரையில் வைத்துவிட்டார்.